காது மடல் பதம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பதில் எனக்கு இன்றும் தடுமாற்றம்தான். அச்சுக்குக் கொடுக்கும் முன் யாராவது திருத்திக்கொள்ளுங்கள். திருத்துகிறவர் அதைப் பற்றி என்னிடம் பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது.

தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு, இலையுதிர் காலத்துப் பழ ஸ்மூத்தியை வீட்டிலேயே சத்தாகச் செய்வது எப்படி என்று அரைப் பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். நான் வேலை செய்யும் ஜூஸ் கடையில் அதைக் குடித்துப் பார்த்த ஒருவர்தான் கேட்டார். அரைப் பக்கம்தானே என்று உட்கார்ந்தேன். பழத்தின் பெயரை எழுதியதுமே முகம் சூடாகிவிட்டது. அந்தப் பழத்தால் நான் பட்ட வெட்கத்தை விட்டுவிட்டுப் பக்குவத்தை மட்டும் சொல்ல எனக்கு வரவில்லை.

1999இல் நான் சான் ஹோசேயில் தங்கை வீட்டில் இருந்தேன். அவள் எனக்காக மனுப் போட்டு, நான் ஊரில் பல வருடம் காத்திருந்து வந்த கிரீன் கார்டு அது. வந்து சேர்ந்தபோது எனக்கு நாற்பத்தாறு வயது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை, இங்கிலீஷ் இல்லை, கார் ஓட்டத் தெரியாது.

அண்ணன் என்பவன் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுபோகிறவன். ஆடிக்கும் தைக்கும் தட்டு எடுத்துக்கொண்டு வாசலில் நின்று, கை நனைத்துவிட்டுச் சாயங்காலமே திரும்ப வேண்டியவன். நான் அந்த வீட்டு மாடி அறையில் படுத்து, அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். யாராவது சொல்லாமல் ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டேன். தங்கை இன்னொரு தோசை எடுத்து வரும்போது தட்டை மறைத்துக்கொள்வேன். விருந்தாளிகள் வந்து "அண்ணா என்ன பண்றாரு?" என்று கேட்டுவிடுவார்களோ என்று கராஜுக்குள் போய், தேட ஒன்றும் இல்லாத அட்டைப்பெட்டிகளில் எதையோ தேடுவேன்.

மாப்பிள்ளை, அதாவது தங்கை புருஷன், தங்கமான மனுசன். முகம் சுளித்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அந்த வருடம் அக்டோபரில் தங்கையோடு வேலை பார்த்த ஒரு பெண்மணி வேலையை விட்டுவிட்டு, சான்டா கிளாராவில் இந்திய மளிகைக் கடைக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை திறக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதற்கு ஓர் ஆள் தேடினார். என் தங்கை சும்மா இருக்காமல், "எங்க அண்ணா கோயில் விசேஷத்துக்கு ஊருக்கே சமைச்சவரு" என்று சொல்லிவிட்டாள். அந்தம்மா போனில் ஒரு பரீட்சை வைத்தார். இந்த சீசனில் கிடைக்கிற பழத்தில் ஒரு ஸ்மூத்தி. சர்க்கரை கூடாது, ஐஸ்கிரீம் கூடாது, உடம்புக்கு நல்லதாக இருக்க வேண்டும். சனிக்கிழமை காலையில் வந்து குடித்துப் பார்ப்பார். பிடித்திருந்தால் வேலை.

வேலை கிடைத்தால் கடைக்குப் பக்கத்திலேயே இரண்டு மூன்று பேரோடு சேர்ந்து ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். தங்கை வீட்டுக்கு விருந்தாளியாக வரலாம். அந்தச் சனிக்கிழமையை நான் அப்படித்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஸ்மூத்தி என்றால் என்ன என்று மாப்பிள்ளையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"லஸ்ஸிக்கும் கூழுக்கும் நடுவுல மச்சான்," என்றார். "ஸ்ட்ராவுல வரணும். ஆனா ஈஸியா வந்துடக் கூடாது."

பக்கத்து வீட்டில் ஜப்பானியப் பெண்மணி ஒருவர் தனியாக இருந்தார். வயதானவர். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பெர்சிமன் மரம். இலைகள் பெரும்பாலும் கொட்டிவிட்டன. பழம் மட்டும் கிளை தாழத் தொங்கியது. தக்காளி நிறம்தான், ஆனால் அடியில் கூம்பி, பம்பரம் போல இருக்கும். நான் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் வேலிக்கு மேலே ஒரு காகிதப் பை நிறையப் பழம் நீட்டினார். நீளமாக ஏதோ சொன்னார். ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டித் தலையை ஆட்டினார். பிறகு தன் காது மடலைப் பிடித்து, இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எனக்கு உடனே கை என் காதுக்குப் போய்விட்டது. சின்ன வயதில் கடுக்கன் போட்ட துளை இரண்டு காதிலும் இருக்கிறது. ஊரில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே வந்ததிலிருந்து ஆண்பிள்ளைக்கு ஏன் காதில் ஓட்டை என்று எல்லோரும் அதையே பார்ப்பது போல எனக்கு ஒரு எண்ணம். இந்தம்மாவும் அதைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக் கூசிப்போய், "எஸ், எஸ்" என்றேன். அமெரிக்காவில் எனக்குத் தெரிந்த ஒரே பதில் அது. அவருக்குத் திருப்தி. பையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலையில் நல்ல நிறமாக, கெட்டியாக இருந்த பழங்களாகப் பார்த்து எடுத்தேன். கெட்டிதான் புதுசு, கெட்டிதான் நல்லது என்று நினைத்தேன். தோல் சீவினேன். ஒரு ஆப்பிள், ஒரு பேரிக்காய், புளிக்காத தயிர், இனிப்புக்கு ஊறவைத்த பேரீச்சம்பழம். மிக்ஸியில் மைய அரைத்து ஏலக்காய் தட்டிப் போட்டேன். நிறம் அப்படி வந்தது. மணமும் அப்படி வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த மணம் முழுக்க ஏலக்காயின் மணம். காயாக இருந்த பெர்சிமனுக்கு மணமே கிடையாது.

ஒரு சொட்டு நாக்கில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். நான் வைக்கவில்லை. கோயில் அடுப்பில் நின்ற இருபது வருடமும் அடுப்பில் இருப்பதை வாயில் வைத்தது கிடையாது. உப்பைக் கண்ணால் பார்ப்போம், புளிப்பை மூக்கால் பார்ப்போம். நாக்கில் பட்டால் அது எச்சில். எச்சிலைச் சாமிக்கும் வைக்க முடியாது, சனத்துக்கும் போட முடியாது. அது எனக்கு மூச்சு விடுவது போல. வைக்கலாமா வேண்டாமா என்ற யோசனையே அன்று எழவில்லை.

அந்தம்மா வந்தார். தங்கை, மாப்பிள்ளை, அவர்கள் மகள் என எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கண்ணாடி டம்ளர்களில் ஊற்றிவிட்டு, சமையலறைக்கும் மேசைக்கும் நடுவில் நின்றேன்.

"கலர் சூப்பர்ணே!" என்றார் அந்தம்மா. "கேசரி மாதிரி இருக்கு. சுகர் போடலையே?"

"இல்லீங்க. பேரீச்சம்பழமுங்க."

எல்லோரும் ஒன்றாகக் குடித்தார்கள். மாப்பிள்ளை உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார். தங்கை மகள் எழுந்து சிங்குக்கு ஓடினாள். "ஓ மை காட், மாமா! என் நாக்குல முடி முளைச்ச மாதிரி இருக்கு!" என்று அங்கிருந்தே இங்கிலீஷும் தமிழுமாகக் கத்தினாள். அந்தம்மா டம்ளரை மெல்ல வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். தண்ணீர் குடித்ததும் இன்னும் மோசமாகிவிட்டது போல, கண்ணை மூடிக்கொண்டார்.

என் தங்கை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தாள்.

"நல்லாத்தானுங்க இருக்குது," என்றாள். "கொஞ்சம் துவர்க்குது. துவர்ப்பு ஒடம்புக்கு நல்லதுதானுங்களே?" சொல்லிவிட்டு டம்ளரை அடிவரை குடித்து முடித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அண்ணே, நீங்க குடிச்சுப் பாத்தீங்களா?" என்று அந்தம்மா கேட்டார்.

"இல்லீங்க."

"ஏன்?"

"அடுத்தவங்களுக்குக் குடுக்கறத நாங்க வாயில வெக்கிறதில்லீங்க. எச்சில் ஆயிருமுங்க."

அவர் கோபப்படவில்லை. "வீட்டுல சாமிக்குப் படைக்கிறதுக்கு அது சரிண்ணே. நான் கடை வைக்கப் போறேன். கஸ்டமர் வந்து நின்னு, 'ஹௌ இஸ் இட்?'னு கேட்டா என்ன சொல்வீங்க?"

நான் உண்மையாகவே யோசித்தேன். "எஸ்னு சொல்லுவேனுங்க," என்றேன்.

மாப்பிள்ளை முதலில் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது தங்கைக்கு மட்டும் தெரியும். அவள் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா போகும்போது, "பாக்கலாம்ணே, அப்புறம் சொல்றேன்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லா ஊரிலும் தெரியும்.

நான் கராஜுக்குப் போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை பேசுவது கேட்டது.

"விடுடி. வேலைக்குப் போகலைன்னா என்ன? இங்கயே இருக்கட்டும். யாருக்கென்ன கஷ்டம்? பொண்ணு ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வர்றப்ப ஒருத்தர் இருக்காரு, துணியெல்லாம் அவரே மடிச்சு வெச்சிடறாரு. நமக்கும் ஹெல்ப்தானே?"

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, இனி நான் இந்த வீட்டில் துணி மடிக்கிறவன்தான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததும் தங்கைக்கு இது எப்படி இருக்கும் என்று தோன்றியது. அண்ணன் எப்போது சீர் கொண்டுவருவான் என்று எந்தத் தங்கையும் வாய்விட்டுக் கேட்க மாட்டாள்.

மறுநாள் தங்கை மகள் வேலியோரம் நின்று பக்கத்து வீட்டம்மாவிடம் பேசிவிட்டு வந்தாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"மாமா, ஷீ டோல்ட் யூ! கெட்டியா இருந்தா சாப்பிடவே கூடாதாம். வெயிட் பண்ணணும். சாஃப்டா ஆகணும், லைக் திஸ்!" என்று என் காது மடலைப் பிடித்து உருட்டிக் காட்டினாள். "நீங்க எஸ்னு சொன்னீங்களாம்!"

என் காது ஓட்டையைக் கேட்டதாக நினைத்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சாப்பாட்டு மேசையில் அவள் அதை நடித்தே காட்டினாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே காதிரண்டும் எரிந்தன.

மிச்சப் பழங்களைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. சமையலறை ஜன்னல் திட்டில், காம்பு கீழே இருக்கும்படி வரிசையாக வைத்தேன். தினமும் ஒரு கையால் என் காது மடலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஒவ்வொரு பழமாக மெல்ல அழுத்திப் பார்ப்பேன். யாராவது வந்துவிட்டால் காதைச் சொறிவது போல நிற்பேன். தீபாவளி வந்து போனது. பழம் இன்னும் விறைப்பாகவே இருந்தது. பிறகு ஒரு நாள் ஒன்று தளர்ந்தது, அப்புறம் இன்னொன்று. தோல் கண்ணாடி போல ஆகி, உள்ளே ஜெல்லி ஆடுவது வெளியிலிருந்தே தெரிந்தது. காது மடலைவிடவும் இளகின பதம். ஊரில் இப்படி ஒரு பழத்தைக் கண்டால் அழுகல் என்று மாட்டுக்குப் போட்டிருப்பேன்.

வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில் மறுபடியும் செய்தேன். மலருக்குக் கேட்ட பக்குவம் இதுதான். நன்றாக இளகின பெர்சிமன் ஒன்றைக் காம்பைக் கிள்ளிவிட்டு, கரண்டியால் சதையை வழித்து எடுங்கள். தோல் வேண்டாம். பாதி ஆப்பிளைத் தோலோடு நறுக்குங்கள். பழுத்த பேரிக்காய் பாதி. கெட்டித் தயிர் ஒரு கிண்ணம். பழமே தேன் போல இருப்பதால் பேரீச்சம்பழம் தேவையில்லை. ஏலக்காய் வேண்டாம், அது எல்லாவற்றையும் மூடிவிடும். ஒரு சிட்டிகை சுக்குப்பொடி போதும். முதலில் ஆப்பிளையும் பேரிக்காயையும் தயிரையும் மைய அரைத்துவிட்டு, பழச் சதையைக் கடைசியில் சேர்த்து ஒரு சுற்று. அரைத்ததும் குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் இறுகிப்போய் ஸ்ட்ராவில் வராது.

ஊற்றிவிட்டு டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறம் நன்றாக இருந்தது. மணமும் இருந்தது. போன தடவையும் அப்படித்தானே இருந்தது என்று நினைத்தேன். அடுப்புக்கு மேல் அலமாரியில் தங்கை ஒரு முருகன் படம் வைத்திருந்தாள். படத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, திருடனைப் போல ஒரு வாய் குடித்தேன்.

இனித்தது. துவர்ப்பு மருந்துக்கும் இல்லை. இன்னொரு வாய் குடித்தேன். கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை.

"என்னங்ணா குடிக்கறீங்க?" தங்கை அன்று பாதி நாளில் வந்துவிட்டாள்.

நான் பதறிப்போய் டம்ளரைச் சிங்கில் கவிழ்க்கப் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கீழ ஊத்தாதீங்ணா. குடுங்க."

"எச்சில் கண்ணு."

"அன்னைக்கு அந்தக் கருமத்தையே முழுசாக் குடிச்சேன். உங்க எச்சில் என்னைய என்ன பண்ணப் போவுது?" வாங்கிக் குடித்தாள். பாதியில் நிறுத்தி டம்ளரைப் பார்த்தாள். மீதியையும் குடித்தாள். பிறகுதான் பேசினாள். "அன்னைக்கு ஒரு வாய்க்கு மேல தாங்கலைங்ணா. நீங்க அப்படி நின்னுட்டிருந்தீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மிக்ஸி ஜாரைக் கழுவ ஆரம்பித்தேன்.

"அத அப்புறம் கழுவலாம். மிச்ச பழத்த எடுங்க, மிக்ஸியையும் எடுங்க. கார்ல ஏறுங்க," என்றாள்.

அந்தம்மாவின் கடையில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மறுபடியும் என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு சங்கடம் வந்தது. நான் அப்படியே திரும்பிக் காருக்குப் போயிருப்பேன். தங்கை பின்னால் வழி மறித்து நின்றாள். கவுன்ட்டரில் வைத்து அரைத்தேன். அந்தம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மொதல்ல நீங்கண்ணே."

பெயின்ட் அடிக்கிறவர்கள், தங்கை, அந்தம்மா எல்லோரும் பார்க்கிறார்கள். ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பி வாயில் வைத்தேன். புதுப் பெயின்ட் வாசனைக்கு நடுவிலும் இனிப்புத் தெரிந்தது.

"ஹௌ இஸ் இட்?" என்றார் அந்தம்மா பின்னாலிருந்து. வேண்டுமென்றே இங்கிலீஷில்.

"எஸ்" என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, "குட்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் வேறு கரண்டி எடுத்துக் குடித்துப் பார்த்தார். "எப்ப வர்றீங்க?" என்று கேட்டார்.

அடுத்த தைக்குத் தங்கைக்கு ஒரு சேலையும் ஒரு தட்டுப் பழமும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். சேலையை மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் துணிக்கடையில் எடுத்தேன். நிறம் அவளுக்கு ஒத்துவராது என்று எடுத்த பிறகுதான் தெரிந்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டுதான் சாப்பாடு போட்டாள். சாயங்காலம் கிளம்பினேன். மாப்பிள்ளை காரில் கொண்டுவிடுகிறேன் என்றார். வேண்டாமென்று பஸ்ஸிலேயே வந்தேன்.

இரண்டு வருடமாகக் கடையில் இருக்கிறேன். கவுன்ட்டரில் ஒரு டம்ளர் நிறையச் சின்னக் கரண்டிகள் இருக்கும். எந்தப் பழமானாலும் ஒரு கரண்டி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றித் தர வேண்டும் என்பது அந்தம்மாவின் கட்டளை. வைக்கிறேன். ஆனால் இத்தனை நாளுக்குப் பிறகும் ஆட்கள் முன்னால் அது என்னால் முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, குனிந்து, கரண்டியை வாயில் வைத்துவிட்டு, அதைக் கழுவப் போட்டுவிட்டுத்தான் இந்தப் பக்கம் திரும்புகிறேன். பின்னங்கழுத்தில் எல்லோர் கண்ணும் படுவது போலவே இருக்கும்.

போன வாரம் ஒரு வெள்ளைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அவர் அங்கே என்ன செய்கிறார் என்று அந்தம்மாவிடம் கேட்டார்.

"ப்ரேயர்," என்றார் அந்தம்மா கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே.

அந்த மனிதர் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார். நான் திரும்பாமல் இன்னும் கொஞ்ச நேரம் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

18 நவம்பர் 2001, ஞாயிற்றுக்கிழமை
சான்டா கிளாரா